486 கணினிக்கு சி.எஃப். கார்டு: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

1990-களின் தொடக்கத்தில் வாங்கிய 486 கணினி இன்றும் ஓடுகிறது என்றால், அடுத்து காலை வாரப்போவது பெரும்பாலும் அதன் ஹார்ட் டிஸ்க்தான். முதலில் பேரிங் தேய்ந்து கீச்சிடும். பிறகு ஒருநாள் சுழல மறுத்துவிடும். அந்தக் காலத்து டிஸ்க் ஒன்றையே தேடிப்பிடித்து மாட்டுவது, முப்பது வயதான இன்னொரு நோயாளிக்குப் பணம் கொடுப்பது. பழைய கணினிகளைப் பேணுகிறவர்களில் பலர் இப்போது காம்பாக்ட் ஃபிளாஷ் (சி.எஃப்.) கார்டுக்கு வந்துவிட்டார்கள். கேனான், நிக்கான் கேமராக்களில் போட்ட அதே கார்டுதான்.

1994-இல் சான்டிஸ்க் கொண்டுவந்த இந்தக் கார்டு ஐ.டி.இ. டிஸ்க் போலவே பேசக்கூடியது. அதனால் அடாப்டருக்குள் மூளை எதுவும் தேவையில்லை. கார்டின் 50 பின்களிலிருந்து 40 பின் கேபிளுக்குப் போகும் தடங்களே போதும். விலையும் குறைவு. கணினியின் பின்பக்கத் துளையில் திருகும் பிராக்கெட் வகையை வாங்குவதே சரி. உள்ளே புதைக்கிற வகையை வாங்கினால், கார்டை எடுக்க ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கழற்ற வேண்டும்.

கார்டின் அளவில் ஆசை கூடாது. பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்ற கணக்குக்கு மேல் போகாது. செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 52.8 கோடி பைட் வரும். 512 எம்.பி. என்று அச்சிட்ட கார்டு இதற்குள் அடங்கிவிடும். செக்டார்களை வரிசை எண்ணால் அழைக்கும் எல்.பி.ஏ. முறை தெரிந்த பயாஸ் என்றால் 2 ஜி.பி. வரை போகலாம், டாஸ் 6.22-இல் ஒரு பார்ட்டிஷனின் உச்சவரம்பே அதுதான். 32 ஜி.பி. கார்டை டாஸுக்கு மாட்டுவது வீண்.

மாட்டும் வேலை ஐந்து நிமிடம். கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் பின்னோடு சேர வேண்டும். ஜம்பர் மாஸ்டரில் இருக்க வேண்டும். பெரும்பாலான அடாப்டர்களுக்கு மின்சாரம் ஃபிளாப்பி டிரைவின் சின்ன கனெக்டரிலிருந்து வரும். சில கார்டுகள் ஒரே கேபிளில் இன்னொன்றைச் சகிக்காது, சி.டி. டிரைவ் இருந்தால் இரண்டாவது கேபிளுக்கு மாற்றிவிடலாம்.

இனிதான் சிக்கல். பலரும் செய்வது இது: கார்டைப் புதிய லேப்டாப்பில் யூ.எஸ்.பி. ரீடரில் செருகி, அங்கேயே பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மேட் செய்து, கோப்புகளை நிரப்பி 486-க்குக் கொண்டுவருவார்கள். மெமரி எண்ணி முடித்ததும் திரையின் மூலையில் கர்சர் மட்டும் மினுக்கும். அடாப்டர் சரியில்லை என்று அடுத்த அடாப்டர் வாங்குவார்கள். அதற்கும் அதே மினுக்கல்.

குற்றம் அடாப்டர் மீதல்ல, கணக்கின் மீது. புதிய கணினி கார்டை 255 ஹெட் கொண்டதாக எண்ணி எழுதுகிறது. 486-இன் பயாஸோ 16 ஹெட் என்று எண்ணிப் படிக்கிறது. லினக்ஸ் எஃப்டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். முதல் பார்ட்டிஷனை அது 2048-ஆம் செக்டாரில் தொடங்கும். 255 ஹெட் கணக்கில் அந்த இடத்தின் முகவரி சிலிண்டர் 0, ஹெட் 32, செக்டார் 33. பதினாறே ஹெட் உள்ள டிஸ்க்கில் 32-ஆம் ஹெட்டுக்கு எங்கே போவது? பழைய கணக்கில் அதே இடம் சிலிண்டர் 2, ஹெட் 0, செக்டார் 33. இடம் ஒன்று, முகவரி இரண்டு. டாஸின் பூட் செக்டாருக்குள்ளும் ஹெட் எண்ணிக்கை பதிந்திருப்பதால் குழப்பம் அங்கேயும் தொடரும்.

ஆகவே புதிய கணினியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கார்டைத் துடைப்பது. விண்டோஸின் டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, அளவைப் பார்த்து கார்டைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன்' கொடுத்தால் போதும். அளவைப் பார்க்காமல் எண்ணை அடித்தால் லேப்டாப்பின் டிஸ்க்கே காலி. மீதி எல்லாம் 486-இல்தான் நடக்க வேண்டும். பயாஸில் ஆட்டோ டிடெக்ட், டாஸ் ஃபிளாப்பியில் பூட், எஃப்டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் போட்டு ஆக்டிவ் ஆக்குவது, ரீபூட், கடைசியாக 'ஃபார்மேட் சி: /எஸ்'.

நடுவில் 'எஃப்டிஸ்க் /எம்.பி.ஆர்.' என்று ஒருமுறை அடித்துவிடுவது நல்லது. கார்டின் முதல் செக்டாரில் பழைய முத்திரை இருந்தால் டாஸின் எஃப்டிஸ்க் பூட் நிரலைப் புதிதாக எழுதாது. கேமராவில் இருந்த கார்டுகளில் இது சகஜம். துடைத்தவர்களும் இதை அடிக்கலாம், கெடுதல் இல்லை. அதற்குப் பிறகும் 'மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்று வந்தால் பெரும்பாலும் ஹெட் கணக்கு மாறியிருக்கிறது. பயாஸைத்தான் பார்க்க வேண்டும். சிமாஸ் பேட்டரி செத்தாலும் இதுவே நடக்கும். சரியாக பூட் ஆனதும் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவைப்பவர்கள் புத்திசாலிகள்.

486-இல் ஃபார்மேட் செய்த கார்டைப் புதிய கணினியில் செருகிக் கோப்புகளைத் தாராளமாக நகலெடுக்கலாம். விண்டோஸ் ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் மட்டும் கூடாது. பெயர்கள் எட்டு எழுத்தும் மூன்றெழுத்துப் பின்னொட்டுமாக இருக்கட்டும்.

விண்டோஸ் 98 ஓட்டுபவர்கள் டி.எம்.ஏ. பெட்டியில் டிக் போடாமல் இருப்பதே நலம். மலிவான அடாப்டர்கள் பலவற்றில் டி.எம்.ஏ.வுக்கான தடங்களே கிடையாது, கணினி உறைந்துவிடும். 286, எக்ஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு: எக்ஸ்.டி.ஐ.டி.இ. யுனிவர்சல் பயாஸ் என்ற இலவச நிரலை ஈப்ராமில் எழுதி நெட்வொர்க் கார்டின் காலி பூட் ரோம் சாக்கெட்டில் செருகுவார்கள்.

பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று கணினி ஓடும்போது கார்டை உருவக் கூடாது. ஐ.டி.இ.க்கு அந்தப் பழக்கம் இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் முழுக் கார்டையும் இமேஜாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு கம்பெனி கார்டின் சிலிண்டர் கணக்கு மாறலாம், அந்த இமேஜ் அதில் பூட் ஆகாமல் போகலாம். வாங்கும்போதே ஒரே மாடலில் இரண்டு கார்டாக வாங்கிவிடுங்கள்.