நாய்க்கு முடிவெட்டக் காணொளி மட்டும் போதுமா?

கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குத் தெற்கே, சுங்கை தெங்கா சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? பேருந்தை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தாலே குரைப்புச் சத்தம் காதில் விழும். முன்பு மவுண்ட் வெர்னன் சாலையில் இருந்த விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இப்போது இங்குதான் இயங்குகிறது. கைவிடப்பட்ட நாய்களையும் பூனைகளையும் பராமரிக்கும் வேறு காப்பகங்களும் அதே சாலையில் உள்ளன. அங்கிருந்து ஒரு பிராணியை வீட்டுக்கு அழைத்துவர உங்கள் அம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிபந்தனையுடன்தான்: "குளிப்பாட்டுவது, முடி வாருவது, நகம் வெட்டுவது எல்லாம் உன் வேலை."

நீங்கள் உடனே கைப்பேசியை எடுத்து, 'நாய்க்கு முடிவெட்டுவது எப்படி' என்று தேடுவீர்கள். எட்டு நிமிடக் காணொளி ஒன்று கிடைக்கும். அதில் சடைபிடித்த நாய் ஒன்று பஞ்சுப் பொம்மைபோல் ஆகிவிடும். பார்த்தால் எளிதாகத்தான் இருக்கும்.

இணையத்தில் கற்பது ஒன்றும் தாழ்வில்லை. சிங்கப்பூரில் நாய்க்கோ பூனைக்கோ முதன்முறையாக உரிமம் எடுப்பவர்கள், இலவச இணையப் பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும் என்பது விதி. வீவக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது வீடு ஒன்றுக்கு 2 பூனைகள் வரை வளர்க்கலாம். இதனால் முன்பைவிட அதிகமான பிள்ளைகள் சீப்பும் கையுமாகப் பூனையின் பின்னால் ஓடப்போகிறார்கள். 2020இல், ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கிருமிப் பரவல் முறியடிப்புக் காலத்தில் பெரும்பாலான சேவைகள் நின்றுபோயின. அப்போது பலருக்குத் திரைதான் ஆசிரியர்.

திரை எதைக் கற்றுத்தரும், எதைக் கற்றுத்தராது என்று தெரிந்துகொள்ள, முதலில் முடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடி என்பது என்ன?

நம் தலைமுடியும், நாயின் முடியும், பூனையின் நகமும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. ஆனால் முடி முளைக்கும் முறையில் வேறுபாடு உண்டு. நாயின் தோலில் ஒரே துளையிலிருந்து ஒரு முடிக்கற்றையே வெளிவருகிறது. அதில் தடித்த மேல்முடி ஒன்றும், அதைச் சுற்றி மெல்லிய உள்முடிகள் பலவும் இருக்கும். மேல்முடி வெயிலையும் நீரையும் தடுக்கும். உள்முடி காற்றைப் பிடித்துவைத்து வெப்பம் கடப்பதைக் குறைக்கும். இந்த இரண்டு அடுக்குகளும் அடர்ந்திருக்கும் நாய்களை 'இரட்டைப் போர்வை' நாய்கள் என்பார்கள். ஹஸ்கி, பொமரேனியன் போன்றவை இந்த வகை.

பூடிலுக்குச் சுருள்முடி, டாக்ஸ்ஹவுண்டில் ஒரு வகைக்குச் சொரசொர முடி, இன்னொரு வகைக்கு நீண்ட முடி. இத்தனை வேறுபாட்டுக்கு எத்தனை மரபணுக்கள் தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள்? 2009இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சுமார் 80 இனங்களைச் சேர்ந்த 1,000க்கும் மேற்பட்ட நாய்கள் ஆராயப்பட்டன. முடியின் நீளம், சுருள், மீசையும் புருவமும்போல் வளரும் முடி ஆகியவற்றில் நாம் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிப்பதாக அது கண்டறிந்தது.

நம்மூர்க் கலப்பின நாய்களை எல்லாரும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குட்டை முடிதான். காப்பகத்திலிருந்து அப்படி ஒன்றை அழைத்து வந்தால் உங்களுக்குக் கத்தரிக்கோலே தேவைப்படாது. ரப்பர் பல் வைத்த தூரிகை போதும். குதிரைக்குத் தேய்க்கும் தூரிகையிலிருந்து வந்த கருவி அது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் 'கறி' என்று ஒலிக்கும் சொல் ஒன்று வரும். நம் கறிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'சீர்செய்தல்' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. குதிரை என்றதும் நினைவுக்கு வருகிறது: லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலை, ஒருகாலத்தில் ஃபேரர் பார்க்கில் இருந்த பந்தயத் திடலால் பெயர்பெற்றது. பந்தயம் அங்கிருந்து புக்கிட் தீமாவுக்குப் போனது, பிறகு கிராஞ்சிக்கு வந்தது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்தது. அந்த லாயங்களில் குதிரை தேய்த்தவர்கள் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று, கைபார்த்துக் கை பழகியவர்கள். நீங்கள் தனியாகத் திரைமுன் நிற்கிறீர்கள்.

சிக்கை நனைக்காதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் தவறு, சிக்குப் பிடித்த நாயை நேராகக் குளிக்கவைப்பது. தண்ணீர் பட்டால் சிக்கு இளகும் என்று நினைக்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறு. முடியின் மேற்பரப்பில், வீட்டுக் கூரை ஓடுகள் அடுக்கியதுபோல், நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். அதனால் முடி ஒரு திசையில் எளிதாக வழுக்கும், எதிர்த்திசையில் உரசி நிற்கும். நனைந்து கசங்கும்போது முடிகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து போகும். திரும்பி வர முடியாது. கம்பளி உடையைச் சுடுநீரில் துவைத்தால் சுருங்கிக் கெட்டிப்படுவதும் இதனால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். கைவினைக் கடையில் சுத்தமான கம்பளிப் பஞ்சு கொஞ்சம் வாங்கி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் உருட்டுங்கள். கெட்டியான உருண்டை ஒன்று கிடைக்கும். அதைச் சீப்பால் பிரிக்க முயன்று பாருங்கள். உங்கள் நாயின் காதுக்குப் பின்னால் அப்படி ஓர் உருண்டை, தோலோடு ஒட்டி, ஒவ்வொரு அசைவிலும் தோலை இழுத்துக்கொண்டிருந்தால் அதற்கு எப்படி இருக்கும்? ஆகவே முதலில் உலர்ந்த நிலையில் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேர் நோக்கி வர வேண்டும். வேர்ப் பக்கத்தை மறுகையால் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது.

குளியலுக்கு உங்கள் ஷாம்பு வேண்டாம். மனிதத் தோலின் பிஎச் அளவு சுமார் 5. நாயின் தோல் பொதுவாக நடுநிலைக்கு, அதாவது 7க்கு, நெருங்கியிருக்கும். அதன் மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. நமக்கென்று செய்த ஷாம்பு அதை வறட்டி அரிப்பை உண்டாக்கலாம்.

குளிப்பாட்டிய பிறகு உலர்த்துவதில்தான் நம் ஊர் தனிக் கவனம் கேட்கிறது. ஐரோப்பாவில் எடுத்த காணொளியில், "துண்டால் துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள்" என்று சொல்லக்கூடும். சிங்கப்பூர்க் காற்றில் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல் ஈரப்பதம் இருக்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் முடியிலுள்ள நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். மேல்முடி காய்ந்து, உள்முடி மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். நாயின் தோலில் இயல்பாகவே சிறிதளவு வாழும் மலசீசியா என்ற ஈஸ்டுக்கு அது கொண்டாட்டம். அரிப்பு, துர்நாற்றம், சிவந்து நீர்கசியும் புண் எல்லாம் அதைத் தொடரும். ஒரே அளவு துண்டு இரண்டை நனைத்துப் பிழிந்து, சமையல் தராசில் எடை பார்த்து, ஒன்றை மின்விசிறிக்கு எதிரிலும் மற்றதை விசிறியில்லாத மூலையிலும் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடை பாருங்கள். வெப்பத்தைவிட வீசும் காற்று ஏன் முக்கியம் என்று புரியும். சூடான உலர்த்தியைக் கிட்டத்தில் பிடிப்பது ஆபத்து. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல்வெப்பத்தைத் தணிக்கிறது. நம்மைப்போல் உடல் முழுவதும் அதற்கு வியர்ப்பதில்லை.

"இங்கே வெயில் அதிகம், ஹஸ்கிக்கு மொட்டை அடித்தால் குளுகுளுவென்று இருக்குமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த முடி வெளிச்சூட்டையும் தடுக்கிறது. அது போனால் தோலில் நேரடியாக வெயில் படும். திரும்ப முளைக்கும் முடியும் சில நேரம் பழையபடி வருவதில்லை. உதிரும் உள்முடியை வாரி எடுத்துக் காற்றோட்டம் உண்டாக்குவதே சரியான வழி.

வாரும்போது விரல்களாலும் தடவிப் பாருங்கள். கிராஞ்சிபோல் புல்வெளி உள்ள இடங்களில் நடந்த நாய்மேல் உண்ணி ஏறியிருக்கலாம். காதுமடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் மிளகுபோல் தட்டுப்படும். நாய்களுக்கு எர்லிக்கியா, பபேசியா போன்ற நோய்க்கிருமிகளைப் பரப்புவது இதுதான். நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

பூனை ஏற்கெனவே ஒரு நிபுணர்

பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிக்கொள்வதிலேயே செலவிடுகிறது. அதன் நாக்கில் சுமார் 300 முட்கள் உள்ளன. 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் அந்த முட்களை நுண்வருடியில் பார்த்தார்கள். முள்ளின் நுனி கூம்பாக இல்லை. சிறு கரண்டிபோல் குழிந்திருந்தது. அந்தக் குழி வாயிலுள்ள உமிழ்நீரைத் தானே உறிஞ்சி, முடிக்காட்டின் அடிவரை கொண்டுபோய் விடுகிறது. புலி, சிங்கம், பனிச்சிறுத்தை ஆகியவற்றின் நாக்கிலும் இதே அமைப்பு. அதைப் பார்த்து அவர்கள் ஒரு தூரிகையையே செய்தார்கள்.

அதனால் ஆரோக்கியமான பூனைக்கு அடிக்கடிக் குளியல் தேவையில்லை. நீண்ட முடிப் பூனைக்குச் சிக்கெடுக்கத் தெரிந்தால் போதும். ஆனால் எதைத் தடவினாலும் பூனை அதை நக்கி உள்ளே இறக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நச்சுப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் வழிகளுள் ஒன்று பூனையின் கல்லீரலில் பலவீனமானது. நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடக்கூடும். தேயிலை மர எண்ணெயும் ஆபத்தானது. 'செல்லப்பிராணிகளுக்கு' என்று காணொளி பொதுவாகச் சொன்னால், எந்தப் பிராணிக்கு என்று கேட்டுப் பழகுங்கள். பூனையின் சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டவும் கூடாது. தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து கூடாரம்போல் மேலெழும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது.

திரையில் தெரியாதவை

காணொளியில் கத்தி சூடேறுவது தெரியாது. முடிவெட்டும் இயந்திரம் சில நிமிடங்களில் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகிவிடும். தொழில்முறையாளர் அடிக்கடி அதைத் தம் முன்கையில் வைத்துப் பார்ப்பார். படத்தொகுப்பில் அந்த இரண்டு நொடிகளை வெட்டியிருப்பார்கள். சீப்பின் அழுத்தம் தெரியாது. இயந்திரத்தின் ஓசை நாய்க்கு எப்படிக் கேட்கிறது என்பதும் தெரியாது. நமக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரையும், பூனைக்கு 60,000க்கு மேலும் கேட்கும்.

நகம் வெட்டுவதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். காணொளியில் வெள்ளை நகம். உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு நரம்பும் இரத்தக் குழாயும் தெளிவாகத் தெரிந்தன. என் நாய்க்குக் கறுப்பு நகம். "இவ்வளவுதானே" என்று ஒரே வெட்டு. இரத்தம் நிற்க அரை மணி நேரம் ஆனதுபோல் இருந்தது. உண்மையில் சில நிமிடங்கள்தான். சோள மாவை அழுத்தி வைத்தேன். அதன்பின் பல மாதங்களுக்கு நகவெட்டியைக் கண்டாலே அது சோபாவுக்கு அடியில் போய்விடும். கறுப்பு நகத்தைச் சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும்.

என் நாய் செய்தது பாவ்லோவின் பாடம்தான். மணியோசையையும் உணவையும் இணைத்துக் கற்ற நாய்களைப்போல, இது நகவெட்டியையும் வலியையும் இணைத்துக்கொண்டது. அதே விதியைத் திருப்பியும் பயன்படுத்தலாம். நகவெட்டி தென்பட்டால் கோழித்துண்டு வரும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். இடையில் அது உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலோ, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தாலோ, 'போதும்' என்கிறது என்று பொருள். அப்போது நிறுத்துங்கள்.

இணையப் பாடத்தில் சேர்வதாக இருந்தால், நீங்கள் செய்வதைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி, ஆசிரியர் பார்த்துத் திருத்தும் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். கைத்திறன் வளர்வது பார்ப்பதால் மட்டுமன்று. செய்து, தவறு எங்கே என்று உடனே தெரிந்து, மறுபடி செய்வதால். தொழிற்பள்ளிகளில் செயற்கை முடி மாட்டிய பொம்மை நாய்களை வைத்துக் கத்தரிக்கோல் பழகுவார்கள். உங்களிடம் இருக்கும் பழைய கரடிப் பொம்மையும் சீப்புப் பிடிக்கப் பழக உதவும். இதைத் தொழிலாகவே எடுக்க விரும்பினால், கடைசியில் யாராவது ஒருவருக்குப் பக்கத்தில், ஈரமான மேசைமுன் நின்றுதான் ஆக வேண்டும்.

முதல் நாள் நகவெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தின்பண்டம் கொடுங்கள். இரண்டாம் நாள் பாதத்தைத் தொடுங்கள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் நகவெட்டியால் நகத்தைத் தொட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். அது பயப்படாமல் இருந்தால் மறுநாள் ஒரு நகத்தின் நுனியை மட்டும் வெட்டுங்கள். பூனைக்குப் பொதுவாக முன்பாதம் ஒவ்வொன்றிலும் 5, பின்பாதம் ஒவ்வொன்றிலும் 4 என மொத்தம் 18 நகங்கள். மீதி 17க்கு அவசரமில்லை.