குட்டி சர்வருக்கு எதில் காசு போடலாம்?

வீட்டில் ஒரு சர்வர் ஓடுகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி, "ராம் எத்தனை ஜிபி?" என்றுதான் வரும். "கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள்?" என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்தியது. 15 ஜிபிக்குள் இரண்டு பிள்ளைகளின் வீடியோவை எத்தனை நாள் அடக்க முடியும்? படங்களுக்கு இம்மிச், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், விளம்பரத்தைத் தடுக்கப் பை-ஹோல் என்று மூன்றையும் ஒரே பெட்டியில் ஓட்டலாம் என்று தோன்றியது. அதற்குப் புதுப் பெட்டி தேவையே இல்லை. ஐடி கம்பெனிகள் குத்தகைக் காலம் முடிந்ததும் கழித்துவிடும் குட்டிக் கணினிகள் சென்னை ரிச்சி தெருவில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன: லெனோவோ டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி. நான் எடுத்தது திங்க்சென்டர் எம்710க்யூ. ஐ5-7500டி பிராசஸர், 8 ஜிபி ராம், சார்ஜரோடு சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் பேரம் படிந்தது.

கடைக்காரர் ஆறாம் தலைமுறைப் பெட்டியைத்தான் முதலில் நீட்டினார். "ஸ்பீடு ஒண்ணுதான் சார், ஆயிரம் ரூபா கம்மி." வேகத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால் 10-பிட் எச்இவிசி வீடியோவைச் சிப்பிலேயே பிரித்துத் திரும்பக் கட்டும் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது. அது இல்லாவிட்டால் வேலை மொத்தமும் பிராசஸர் தலையில் விழும், விசிறி அலறும். இந்த ஒரு காரணத்துக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பிராசஸரை மாற்றும் எண்ணமே வரவில்லை. ஐ7-7700டி அதே சாக்கெட்டில் உட்காரும். உட்கார வைத்து என்ன செய்ய? இம்மிச் முதன்முறை எல்லாப் படங்களிலும் முகம் தேடிய இரவைத் தவிர, என் சர்வர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது.

கடையை விட்டு வெளியே வருமுன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். லெனோவோ என்றால் எஃப்1, டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போக முடிகிறதா? ஆபீஸ் போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் பெட்டி பாதி உங்களுடையது இல்லை. அடுத்தது சார்ஜர். டெல் பெட்டிகள் தங்கள் அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்றால் பிராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும். டூப்ளிகேட் சார்ஜரால் வந்த மந்தத்தைப் பெட்டியின் தலையில் போடுகிறவர்கள் உண்டு. கடைசியாக, ஒரு லினக்ஸ் பென்டிரைவ் கொண்டுபோய் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பது. கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இனி மின்சாரம். சும்மா இருக்கும்போது இந்த வகைப் பெட்டி 10 வாட் அளவில் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 14 யூனிட். வீட்டில் தூங்கும் பழைய டவர் கணினியைச் சர்வராக்கினால் 60 வாட் என்று வைத்தாலும் 86 யூனிட் ஆகிவிடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில்; முதல் 100 யூனிட் இலவசம்; 500-ஐத் தாண்டினால் கணக்கு போடும் விதமே மாறும். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் அந்த 70 யூனிட் வித்தியாசம் உங்களை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடலாம். 'இலவசமாகக் கிடக்கிற' டவர் இலவசம் இல்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும்; அதில் வைத்துவிடுங்கள். சாதாரண நிலையில் பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம். மின்விசிறிக்குத் தெரியாது, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். சர்வரும் ரவுட்டரும் மட்டும் மாட்டினால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்வரை ஒரு மணி நேரம் சாதாரணமாகத் தாங்கும்.

அதற்கு மேல் கரண்ட் வராவிட்டால் சர்வர் தானே ஒழுங்காக அணைய வேண்டும். யுஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ் என்றால் 'நட்' என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் விலை குறைந்த யுபிஎஸ்களில் பலவற்றுக்கு அந்த இணைப்பு கிடையாது. வீட்டு இன்வெர்ட்டருக்கும் பெரும்பாலும் கிடையாது. நான் செய்த ஏற்பாடு இது: இன்வெர்ட்டர் லைன் போகாத பிளக் ஒன்றில் பரணில் கிடந்த பழைய ரவுட்டரை மாட்டி, நெட்வொர்க் கேபிளால் இணைத்துவிட்டேன். சர்வர் அதை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்யும். பதில் வந்தால் தெருவில் கரண்ட் இருக்கிறது. தொடர்ந்து அரை மணி நேரம் பதில் இல்லையென்றால் சர்வர் தன்னை ஷட்டவுன் செய்துகொள்ளும். பத்து வரி ஸ்கிரிப்ட், செலவு பூஜ்யம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பயாஸில் 'மின்சாரம் திரும்பினால் தானே ஆன் ஆகு' என்று வைத்திருப்போம். ஆனால் சர்வர் அணைந்த பிறகும் இன்வெர்ட்டர் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. தெருவில் கரண்ட் வந்தது பெட்டிக்குத் தெரியாது. அதனால் பயாஸில் தினமும் காலை ஆறு மணிக்கு எழுப்பும் அலாரத்தையும் வைத்துவிட்டேன். ஊரில் இல்லாத நாட்களில் இதுதான் காப்பாற்றுகிறது.

அடுத்தது சூடு. மேல்மூடியைக் கழற்றி ஹீட்சிங்க்கைத் தூக்கினால், ஆபீஸில் பல வருடம் உழைத்த பெட்டிகளில் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சந்தனம் மாதிரி உதிரும். துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். இருநூறு முந்நூறு ரூபாயில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. சென்னையில் மே மாதம் அறையே 35 டிகிரி இருக்கும். என்விஎம்இ எஸ்எஸ்டி காற்று படாத மூலையில் இருப்பதால், அதற்கும் மூடித் தகட்டுக்கும் நடுவே ஒரு தெர்மல் பேட் வைத்தேன். தகடே ஹீட்சிங்க் ஆகிவிடுகிறது. பெட்டியை டிவி அலமாரிக்குள் திணிக்காமல் நிற்க வைத்தால் இன்னும் நல்லது.

ராம் பற்றிச் சுருக்கமாக: 8 இருந்தால் இன்னொரு 8 போட்டு 16 ஆக்குங்கள். இம்மிச்சுக்கு அது தேவைப்படும். 32 தேவைப்படுகிறவருக்கு அது ஏன் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

டிஸ்க்தான் உண்மையான தலைவலி. உள்ளே இருக்கும் இடம் மெல்லிய 2.5 அங்குல டிஸ்க்குக்கு மட்டும். அந்த அளவில் 2 டிபிக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர் தடிமன்; நுழையாது. ஆகவே பெரிய டிஸ்க் வெளியேதான் இருக்க வேண்டும். எம்.2 ஸ்லாட்டில் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள கார்டு போட்டால் ஆறு சாட்டா இணைப்பு கிடைக்கும். ஆனால் இருக்கும் ஒரே என்விஎம்இ இடம் போய்விடும், டிஸ்க்குகளுக்குத் தனி மின்சாரமும் வேண்டும். ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அலங்கார விளக்குக்கு விற்கும் மலிவு அடாப்டரை இதற்கு நம்பக் கூடாது.

நான் எளிய வழியில் போனேன்: சொந்த அடாப்டருள்ள யுஎஸ்பி டாக், அதில் இரண்டு 4 டிபி டிஸ்க். ரெய்டு போடவில்லை. யுஎஸ்பி வழியாக ரெய்டு என்பது எனக்கு ஒப்பாத காரியம். தவிர, மிரரில் ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அதே கணத்தில் அழியும். இரண்டாவது டிஸ்க்குக்கு இரவு ஒருமுறை ஆர்சிங்க் நகல் போகிறது, அவ்வளவுதான். வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் தடங்களை ஓரம் ஏற்றி எழுதுவதால் நீண்ட நேரம் எழுதினால் நொண்டும். பெயரை நம்ப முடியாது: வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையிலேயே சிலவற்றில் எஸ்எம்ஆர் இருப்பதை 2020-இல்தான் வெளியே சொன்னது, பிறகுதான் சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்ற பெயர் வந்தது.

வைஃபை கார்டு இருந்த இடத்தில் 2.5 கிகாபிட் நெட்வொர்க் கார்டு மாட்டலாம். ரவுட்டரும் சுவிட்சும் 1 கிகாபிட்டாக இருக்கும் வீட்டில் அது வெட்டிச் செலவு.

வெளியூரிலிருந்து சர்வரை எட்டுவதற்கும் காசு செலவழிக்கத் தேவையில்லை. நம் ஊர் பிராட்பேண்ட் பலவற்றில் தனி ஐபி முகவரி கிடைக்காது. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. போர்ட் திறந்துவிட்டு மல்லுக்கட்டாமல் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டால் போதும். திருநெல்வேலியில் இருக்கும் அக்காவின் போனிலும் அதையும் இம்மிச்சையும் போட்டுக் கொடுத்தேன். "தம்பி, படம் ஏறவே மாட்டேங்குதுல" என்று இரண்டொரு நாளில் போன் வந்தது. ஆண்ட்ராய்டின் பேட்டரி சிக்கன அமைப்பு இரண்டு ஆப்களையும் பின்னணியில் நிறுத்திவிட்டிருந்தது. இரண்டுக்கும் அதை நீக்கியதும் அக்கா வீட்டுப் படங்கள் ஏற ஆரம்பித்தன.