வண்டலூருக்குக் குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்கு

சென்னைப் பக்கம் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால், என்றைக்காவது ஒருநாள் வண்டலூர் பயணம் இருந்தே தீரும். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். மூன்று வயதுக் கால்களுக்கு அது ஒரு மாவட்டம். சிங்கம், யானை, முதலை, பறவை என்று பெரியவர்கள் போட்டுவைத்த வரிசை உள்ளே நுழைந்த அரைமணியில் கலைந்துவிடும். கலையட்டும். அதற்கப்புறம் பொழுதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியவை

• கிளம்புமுன் கிழமையைப் பாருங்கள். செவ்வாய் விடுமுறை. பூட்டிய வாசலில் நின்றுகொண்டு, "சரி, கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போவோம்" என்று வண்டியைத் திருப்பாதீர்கள். அங்கேயும் செவ்வாய்தான் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுங்கள். அதற்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. 1855-ல் சென்னையின் மிருகக்காட்சி சாலை பிறந்ததே அந்த வளாகத்தில்தான். பிறகு சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல்தான் வண்டலூருக்கு வந்தது. ஆக, விலாசம் ஒன்றும் அவ்வளவு தப்பில்லை.

• திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் புலி நிழல் தேடிப் படுத்துவிடும். ஒரு காதும் வால் நுனியும்தான் தரிசனம்.

• ஆளுக்கு ஒரு விலங்கு என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். முதலில் அவற்றைப் பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் கொசுறு.

• பேட்டரி கார் வேண்டும் என்றால் தெம்பாக இருக்கும்போதே ஏறுங்கள். பாட்டிக்கு முழங்கால் வலி வந்த பிறகு, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது தண்டனை.

• மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் அது பத்திரமாக கார் டிக்கியில் இருக்கும். விபத்து மட்டும் முதலைப் பண்ணை அருகே நடக்கும்.

• உள்ளே போகுமுன் பிள்ளையை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்துபோனால் சட்டை என்ன நிறம் என்பது பெற்ற தாய்க்கே மறந்துபோகும். கையில் போன் நம்பரையும் எழுதுங்கள். காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீசார் பிள்ளைகளின் மணிக்கட்டில் நம்பர் எழுதிய பட்டை கட்டுவது இதற்காகத்தான். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

செய்யக்கூடாதவை

• எறும்பு பார்க்கிற பிள்ளையை இழுக்காதீர்கள். வெள்ளைப் புலி எழுந்து உலாவுகிறது, ஊரே கம்பியில் தொற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுச் சின்னது மட்டும் முதுகைக் காட்டிக் குந்தியிருக்கும். யாரோ சிந்திய முறுக்குத் துண்டை எறும்புகள் தூக்கிப்போகின்றன. துண்டு ஒரு கல்லில் தட்டி நிற்கிறது. பத்து எறும்பு இந்தப் பக்கம், பத்து அந்தப் பக்கம். "டேய், புலிடா! இங்க பாருடா!" என்று அப்பா கத்துவதை அது காதில் வாங்கவே இல்லை. ஐந்து நிமிஷம் விடுங்கள். அதுவும் உயிரியல் பூங்காதான்.

• "டிக்கெட் எடுத்தாச்சு, முழுசும் பார்த்துட்டுத்தான் போகணும்" என்று நிற்காதீர்கள். சிணுங்கல் ஆரம்பித்ததும் வாசல் பக்கம் நடையைக் கட்டுங்கள். அடுத்த கூண்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்பது பெரியவர்களின் நப்பாசை.

• தூங்கிவிட்ட பிள்ளையை யானையைக் காட்ட எழுப்பாதீர்கள். எழுந்ததும் அது யானையைப் பார்க்காது, ஊரைக் கூட்டும்.

• "அழுதா சிங்கத்துக்கிட்ட விட்டுடுவேன்" வேண்டவே வேண்டாம். வீட்டில் செல்லும் மிரட்டல், நிஜமாகவே சிங்கம் உறுமும் இடத்தில் வேறு மாதிரி வேலை செய்யும். ராத்திரி தூக்கம் போவது உங்களுக்குத்தான்.

• பிரித்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கூண்டுக்கு வெளியே திரியும் குரங்குகளுக்கு வேறு அழைப்பிதழ் வேண்டாம். பிடுங்க வந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், இழுபறி வேண்டாம். நீங்களாகவும் எதுவும் போடாதீர்கள்.

• பஞ்சாயத்தை அங்கே வைக்காதீர்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்கிற வாக்கியத்தால் எந்தக் குழந்தையும் அழுகையை நிறுத்தியதில்லை. தண்ணீர் பாட்டிலை மறந்தது யார் என்பதை வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

• "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே மாமல்லபுரமும் போயிட்டு வந்திடலாமே" என்று யாராவது ஒரு மாமா சொல்வார். கேட்காதீர்கள்.

• பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் அங்கிருந்து காரில் திரும்புவதைத் தவிருங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போகிற கூட்டமெல்லாம் அந்த ஜி.எஸ்.டி. சாலையில்தான். வண்டலூரில் மின்சார ரயில் நிற்கும். மதியத்தில் ஓரளவு காலியாகவும் வரும். ஜன்னலோரம் உட்காரவைத்தால், தாம்பரம் வருமுன் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.