கண்ணாடி இழையும் கிராமச் சங்கமும்

கார்த்திகைத் தீபம் அண்ணாமலை உச்சியில் ஏற்றப்பட்டதும், சுற்றுப்புறக் கிராமத்தார் அதனைக் கண்டு தத்தம் இல்லங்களில் விளக்கேற்றுகின்றனர். ஒளியின் வாயிலாக ஒரு செய்தி பல கல் தொலைவு சென்றுவிடுகிறது. கண்ணாடி இழையின் தத்துவமும் இதுவே. வேறுபாடு யாதெனில், இங்கு ஒளி வெட்டவெளியில் சிதறாமல், மெல்லிய கண்ணாடிக்குள் அடைபட்டு, நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மின்னி மறைந்து செல்கிறது.

நெசவாளர்க்கு இழையைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் இவ்விழை சற்று வேறானது. இதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. அறுந்தால் பாவு பிணைப்பதுபோல் முடிச்சிட இயலாது. இரு முனைகளையும் மின்பொறியால் உருக்கி ஒட்டவேண்டும். கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். கண்ணாடியிலுள்ள மாசுகளே ஒளியை விழுங்குகின்றன என்று 1966-ல் சார்லஸ் காவ் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் ஒளி பதினைந்து கிலோமீட்டர் சென்ற பின்னும் பாதி எஞ்சியிருக்கிறது.

ஊராட்சிகளை இவ்விழையால் இணைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2011-ல் ஏற்றது. அதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுசெல்லும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 860 ஊராட்சிகள். பெரும்பாலும் மின்கம்பங்களின் மீதே இழை செல்கிறது.

ஆயினும் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, ஆரணிப் பக்கத்துத் தறிக்கொட்டகைக்குத் தானாக வந்துவிடாது. போளூர் நிலக்கடலை விவசாயியின் திண்ணைக்கும் வராது. 2016-ல் தொடங்கிய மின்னணு வேளாண் சந்தையில் வெளியூர் வியாபாரியும் ஏலம் கேட்கலாம். விலையை அறிவதனாலேயே விலை உயர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் அறியாதவன் தரகர் சொன்னதை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை. சேலையின் வண்ணத்தை வெளியூர்க் கடைக்காரருக்குத் தெளிவாகக் காட்ட விரும்பும் நெசவாளிக்கும் நல்ல இணைப்பு வேண்டும். ஜவ்வாது மலைச் சிற்றூர்களின் தேவையோ இன்னும் பெரிது.

இவ்விடத்தில் இங்கிலாந்து நாட்டின் உதாரணம் ஒன்று நோக்கத்தக்கது. லங்காஷயர்ப் பகுதியில் பெரிய கம்பெனிகள் லாபமில்லை என ஒதுக்கிய கிராமங்களில், 2011-ல் மக்களே பி4ஆர்என் என்னும் சமுதாய நலச் சங்கத்தை நிறுவினர். பங்குத்தொகை திரட்டினர், விவசாயிகள் தம் நிலத்தின் வழியே குழாய் செல்ல வாடகையின்றி இசைந்தனர், பலர் தாமே பள்ளமும் தோண்டினர். பங்கு, உழைப்பு, ஒப்புதல் ஆகிய மூன்றும் நம் சங்கங்களுக்குப் புதியனவல்ல.

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கது, வீடுவீடாகத் தேவையைக் கணக்கெடுத்து, தனித்தனியாக அலையாமல் சங்கத்தின் பெயரால் ஒரே மனுவாக அளிப்பது. மாதக் கட்டணம் தாங்காதோர்க்குச் சங்கக் கட்டடத்திலேயே பொது இணைப்பு வைக்கலாம். மின்சாரம் நின்றால் இணைப்புக் கருவியும் நின்றுவிடுமாதலால், மின்கலத்துக்கும் நிதி ஒதுக்குக. மரக்கிளை விழுந்து இழை அறுந்தால் எத்தனை நாளில் ஒட்டித்தரப்படும் என்பதைப் பணம் கட்டுமுன்பே எழுத்தில் பெற்றுக்கொள்க.