தலைவரை எடை போடுவோம்

மலம்புழா அணையைப் பார்த்திருக்கிறீர்களா? பாலக்காட்டு நெல்வயல்களுக்குத் தண்ணீர் தரும் அணை அது. பாலக்காடு நகரத்துக்குக் குடிநீரும் தருகிறது.

இந்த அணை 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் யார்? கேரள முதலமைச்சர் அல்ல. சென்னை மாநில முதலமைச்சர் காமராசர்.

வியப்பாக இருக்கிறதா? அப்போது கேரள மாநிலம் பிறக்கவில்லை. பாலக்காடு, மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபார், சென்னை மாநிலத்தில் இருந்தது. ஆகவே பாலக்காட்டு மக்களுக்கும் காமராசரே முதலமைச்சர்.

முதலமைச்சராக இருந்தவர்கள் பலர். எல்லோர் பெயரும் நம் நினைவில் இல்லை. காமராசரை மட்டும் இன்றும் 'பெருந்தலைவர்' என்கிறோம். ஏன்? ஒருவரைப் பெரிய தலைவர் என்று வரலாறு எதை வைத்துச் சொல்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

படிப்பு நின்றது

காமராசர் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி. தாய் சிவகாமி. சிறு வயதிலேயே தந்தை இறந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார்.

நம்மில் பலருக்கும் இப்படித்தான் படிப்பு நின்றது, இல்லையா?

கடையில் இருந்தாலும் அவர் மனம் நாட்டு விடுதலையில் இருந்தது. 1924-ஆம் ஆண்டு வைக்கத்தில் ஒரு போராட்டம் நடந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சில சாதியார் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. அதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. அதில் இளைஞர் காமராசரும் கலந்துகொண்டார். பிறகு விடுதலைப் போரில் பல முறை சிறை சென்றார். மொத்தம் சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. சிறையிலும் அவர் படிப்பை விடவில்லை.

பள்ளியும் சோறும்

1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் முதலமைச்சர் ஆனார். தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம். அவரையே அமைச்சராக்கிக்கொண்டார். எதிர்த்தவர் என்று பார்க்கவில்லை. திறமை உள்ளவர் என்று பார்த்தார்.

அந்த நாளில் பல ஊர்களில் பள்ளியே இல்லை. காமராசர் ஆட்சியில் சிற்றூர்களில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் திறந்தன.

பள்ளி இருந்தால் போதுமா? வீட்டில் சோறு இல்லாத குழந்தை எப்படிப் படிக்கும்? அது ஆடு மாடு மேய்க்கப் போகும். அல்லது கூலிக்குப் போகும். பசியும் படிப்பும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டவை. இதைக் காமராசர் தம் வாழ்க்கையிலேயே கண்டவர்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் முன்பே மதிய உணவு தந்ததுண்டு. காமராசர் 1956-ஆம் ஆண்டு அதை மாநிலத்தின் பல ஊர்களுக்கும் கொண்டு சென்றார். அரசிடம் பணம் குறைவு. ஊர் மக்களும் கை கொடுத்தார்கள். அரிசி தந்தார்கள். காய்கறி தந்தார்கள். பள்ளிக்குக் கட்டடமும் பலகையும் தந்தார்கள்.

1982-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். இந்தத் திட்டத்தை விரிவாக்கினார். 1995-ஆம் ஆண்டு நடுவண் அரசு நாடு முழுவதற்கும் பள்ளி உணவுத் திட்டம் கொண்டுவந்தது. இன்று இடுக்கி மலைப் பள்ளியிலும் பிள்ளைகள் மதியம் சாப்பிடுகிறார்கள்.

பதவியை விட்டார்

காமராசர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்தார். கட்சி மக்களை விட்டு விலகுகிறது என்று கவலைப்பட்டார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டு மக்களிடம் போக வேண்டும் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தாமே பதவி விலகினார்.

மறு ஆண்டு காங்கிரஸ் கட்சியின் அகில இந்தியத் தலைவர் ஆனார். 1964-ஆம் ஆண்டு நேரு காலமானார். லால் பகதூர் சாஸ்திரி பிரதமர் ஆனார். 1966-ஆம் ஆண்டு அவரும் காலமானார். இந்திரா காந்தி பிரதமர் ஆனார். இரு முறையும் முன்னின்று முடிவு கண்டவர் காமராசர். தமக்கு அந்தப் பதவி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே அவர் தோற்றார். வென்றவர் ஓர் இளைஞர். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர் காலமானார். சென்னையில் அவர் வாழ்ந்தது வாடகை வீடு. பணமோ சொத்தோ அவர் சேர்த்து வைக்கவில்லை.

நம் பகுதியின் மனக்குறை

நிறையை மட்டும் சொன்னால் அது புகழ்ச்சி. குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழி அடிப்படையில் மாநிலங்கள் பிரிந்தன. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழர் பெருமளவில் வாழ்ந்தார்கள். அவற்றையும் தமிழர் பகுதியோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி முதலிய தலைவர்கள் போராடினார்கள். 1954-ஆம் ஆண்டு நடந்த துப்பாக்கிச் சூட்டில் போராடியவர்கள் உயிர் இழந்தார்கள். கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் காமராசர். அவர் இன்னும் உறுதியாக வாதாடி இருக்க வேண்டும் என்று பலர் இன்றும் வருந்துகிறார்கள். முடிவு எடுத்தது நடுவண் அரசு என்றும், நாட்டின் ஒற்றுமையே பெரிது என்று அவர் நினைத்தார் என்றும் வேறு சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? இரண்டு பக்கமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தராசு நம் கையில்

தோட்டத்தில் கொழுந்து எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கூடை பெரிதாகத் தெரியலாம். ஆனால் கூலி, கூடையின் அளவுக்கு இல்லை. உள்ளே இருக்கும் கொழுந்துக்குத்தான்.

தலைவரையும் அப்படித்தான் எடை போட வேண்டும். கூட்டமும் மாலையும் சிலையும் வெறும் கூடை. அவர் போன பிறகு ஏழை வீட்டில் என்ன மிஞ்சியது? பதவியை எதற்குப் பயன்படுத்தினார்? விட வேண்டிய நேரத்தில் விட்டாரா? யாருக்கு மனக்குறை மிஞ்சியது? இவைதான் உள்ளே இருக்கும் எடை.

முன்பு யார் பெரிய தலைவர் என்று பிறர் சொன்னார்கள். நாம் தலையாட்டினோம். இன்று நமக்குப் படிக்கத் தெரியும். இனித் தராசின் முள்ளை நாமே பார்க்கலாம்.

பேசுவோம்

1. மலம்புழா அணையைத் திறந்து வைத்தவர் யார்? அவர் ஏன் அங்கே வந்தார்?
2. பசிக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு?
3. தேவிகுளம், பீர்மேடு பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? கேட்டு வாருங்கள்.

எழுதுவோம்

உங்களுக்குப் பிடித்த ஒரு தலைவரின் பெயரை எழுதுங்கள். அவர் செய்த இரண்டு நன்மைகளையும், அவர்மேல் சொல்லப்படும் ஒரு குறையையும் எழுதுங்கள்.