சான் மரீனோ சுற்றுலா: விசா முதல் மூன்று கோபுரம் வரை 18 குறிப்புகள்

இத்தாலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் கூடுதலாக ஒரு நாளை ஒதுக்கினால் இன்னொரு நாட்டையும் பார்த்துவிட்டு வரலாம். நான்கு பக்கமும் இத்தாலி சூழ்ந்திருக்கும் சான் மரீனோ குடியரசின் மொத்தப் பரப்பே 61 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை சுமார் 34 ஆயிரம். எல்லையில் பாஸ்போர்ட் கேட்க ஆள் இல்லை. ஆனால் இத்தாலியைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. ஆகவே தாள், முத்திரை, காப்பீடு எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சரிபார்த்துவிட வேண்டும்.

புறப்படும் முன்

1. சான் மரீனோவுக்கென்று தனிச் சுற்றுலா விசா தேடி அலைய வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசாதான் வழி. பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசாவோ பிரிட்டன் விசாவோ இருந்தாலும் அதைக் காட்டி இத்தாலிக்குள் நுழைய முடியாது. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதியோடு இருப்பவர்கள், அந்த அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

2. ஷெங்கன் நாடுகளில் எங்கே அதிக இரவுகள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாட்டில் சம அளவு தங்கினால், முதலில் இறங்கும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்த 15 நாளை நம்பி இருக்காதீர்கள், நேரம் கிடைப்பதே கஷ்டம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45 யூரோ. அதற்கும் சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

3. பாஸ்போர்ட்டை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். வழங்கப்பட்டு 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். குறைந்தது 2 பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள், பிறகு விசாவுக்குப் போகலாம்.

4. சான் மரீனோ ஷெங்கன் உறுப்பு நாடு இல்லை. அப்படியானால் அங்கே போய்த் திரும்ப இரட்டை நுழைவு விசா வேண்டுமா என்று பலரும் குழம்புகிறார்கள். எல்லையில் சோதனை இல்லாததால் ஒற்றை நுழைவு விசாவே போதும். ஆனால் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள அண்டோரா கதையே வேறு. அதற்குள் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வர இரட்டை அல்லது பல நுழைவு விசா கட்டாயம். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்கள் விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

5. ‘இடியாஸ்’ என்ற பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குப் போகக்கூடிய நாட்டவர்கள் கிளம்பும் முன் இணையத்தில் பெற வேண்டிய பயண அனுமதி இது. மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டிஷ், கனேடிய, ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது பொருந்தும். ஷெங்கன் விசா எடுப்பவர்களுக்குத் தேவையில்லை. 2026-ன் கடைசிக் காலாண்டில் நடைமுறைக்கு வரும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் கட்டணம் கிடையாது. ஒருமுறை பெற்றால் 3 ஆண்டு அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை, எது முன்னதோ அதுவரை செல்லும். அதிகாரபூர்வத் தளத்தின் முகவரி ‘யூரோப்பா.ஈயு’ என்று முடியும். வேறு முகவரியில் கூடுதல் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

6. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் விமான நிலையங்களில் விரல் ரேகையும் முகப் படமும் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ரேகை எடுப்பதில்லை. வரிசை நீளும் என்பதால், ரோமிலோ மிலானிலோ இறங்கி அடுத்த விமானமோ ரயிலோ பிடிப்பவர்கள் தாராளமாக இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். 180 நாளில் 90 நாள் என்ற வரம்பைக் கணினியே கணக்கிடும். சான் மரீனோவில் கழித்த நாளுக்கு வெளியேறிய பதிவு எதுவும் இராது, அதனால் அந்த நாளும் உங்கள் கணக்கில்தான் ஓடும்.

7. விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பீர்கள். அதில் ‘ஷெங்கன் நாடுகள்’ என்று மட்டும் போட்டிருந்தால், சான் மரீனோவில் கால் பிசகினால் காப்பீடு கைகொடுக்குமா என்பது சந்தேகம். ‘ஐரோப்பா முழுவதும்’ என்று இருக்கும் திட்டமாகக் கேட்டு, நாடுகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

8. கைப்பேசி விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சான் மரீனோவுக்குப் பொருந்தாது. இத்தாலியில் வாங்கிய சிம், மலை ஏறியதும் உள்ளூர் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு பில்லைத் தீட்டிவிடலாம். எல்லையைத் தாண்டும் முன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். வரைபடத்தை ரிமினியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

போய்ச் சேர

9. இந்த நாட்டில் பயணிகள் விமான நிலையமும் கிடையாது, ரயிலும் கிடையாது. பொலோன்யாவிலிருந்து கடற்கரை நகரமான ரிமினிக்கு ரயிலில் வந்து, ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பழைய நகரத்தின் அடிவாரத்தில் இறக்கிவிடும். காகித டிக்கெட்டில் உள்ளூர் ரயில் ஏறுபவர்கள், நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள்; மறந்தால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

10. வாடகைக் காரில் போகிறவர்கள் நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். பழைய நகரத்துக்குள் வண்டி ஓட்ட முடியாது. மலைச் சரிவில் எண் போட்ட வாகன நிறுத்தங்கள் இருக்கின்றன, நிறுத்தியதும் அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கீழே போர்கோ மஜோரேயில் விட்டுவிட்டு கேபிள் காரில் ஏறுவது இன்னும் நல்லது. இரண்டே நிமிடத்தில் மேலே போய்விடலாம், முழங்கால் வலி இருப்பவர்களுக்கும் சிரமம் இல்லை.

சுற்றிப் பார்க்க

11. டிட்டானோ மலை முகட்டில் வரிசையாக நிற்கும் மூன்று கோபுரங்கள்தான் இந்த நாட்டின் அடையாளம். கொடியிலும் அவையே இருக்கின்றன. மலையும் பழைய நகரமும் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மூன்றில் பழையது குவைட்டா. அதன் உச்சிக்கு செங்குத்தான மர ஏணியில் ஏறி, தரையில் இருக்கும் திறப்பு வழியாக நுழைய வேண்டும். சேலை கட்டியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் முற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அங்கிருந்தே ஏட்ரியாட்டிக் கடல் தெரியும்.

12. இரண்டாவது கோபுரமான செஸ்டா, மலையின் மிக உயரமான இடத்தில் இருக்கிறது. உள்ளே பழைய ஆயுதங்களின் அருங்காட்சியகம். மூன்றாவதான மொண்டாலேயை வெளியிலிருந்து மட்டுமே பார்க்கலாம், நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம். முதல் கோபுரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலுள்ள ‘சூனியக்காரிகள் கணவாய்’ என்ற கல் பாதையில் நின்று எடுத்தால்தான் குவைட்டாவின் படம் முழுசாக விழும். பாறைச் சரிவு கடல் பக்கம் பார்ப்பதால் காலை வெயில்தான் தோது. கல் தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள்.

13. சுதந்திரச் சதுக்கத்திலுள்ள அரசு மாளிகை 1894-ல் திறக்கப்பட்டது. நாட்டின் தலைவர்கள் இருவர், பதவிக் காலம் 6 மாதமே. 1243 முதல் இந்த இரட்டைத் தலைமை நடந்துவருகிறது. ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய நாட்களில் புதியவர்கள் பதவியேற்கும் ஊர்வலத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம். கோடையில் போனால் பச்சை மேலாடையும் சிவப்புக் கால்சட்டையும் அணிந்த காவலர்கள் முறை மாறுவதை மாளிகை வாசலில் பார்க்கலாம். செப்டம்பர் 3 தேசிய நாள், கி.பி. 301-ல் கல்தச்சர் மரீனுஸ் இந்த நாட்டை நிறுவினார் என்பது மரபு. அன்று வில்பொறி எய்யும் போட்டி நடக்கும்.

14. ரிமினிக்கும் சான் மரீனோவுக்கும் இடையே 1932 முதல் மின்சார ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் 1944-ல் குண்டுவீச்சில் பாதை சிதைந்து, அதோடு நின்றுபோனது. அந்த நாட்களில் போருக்குத் தப்பி வந்த இத்தாலியர்கள் ஆயிரக்கணக்கில் ரயில் சுரங்கங்களுக்குள் தங்கினார்கள். பழைய நகரத்தை ஒட்டிய மொண்டாலே சுரங்கப் பகுதியில் பழுதுபார்த்த ரயில் பெட்டி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போனால் இதைத் தவறவிடாதீர்கள்.

15. எல்லையில் முத்திரை விழவில்லையே என்று வருந்துபவர்கள், சுற்றுலா அலுவலகத்தில் 5 யூரோ கட்டினால் பாஸ்போர்ட்டில் நினைவு விசா முத்திரை குத்தித் தருவார்கள். இது நினைவுக்காக மட்டும், பயண உரிமை எதையும் தராது. பாஸ்போர்ட்டில் கடைசி ஒன்றிரண்டு பக்கமே மிச்சம் என்றால் இந்த ஆசையை ஒத்திப்போடுங்கள், அடுத்த விசாவுக்கு அந்தப் பக்கம் தேவைப்படும்.

சாப்பாடும் கடைகளும்

16. பியதீனா என்ற மெல்லிய ரொட்டி இங்கே எல்லாத் தெருவிலும் கிடைக்கும். கல்லில் சுட்டு, சீஸும் கீரையும் வைத்து மடித்துத் தருவார்கள். பார்க்கச் சைவம்தான், ஆனால் பழைய முறைப்படி மாவிலேயே பன்றிக் கொழுப்புச் சேர்த்துப் பிசைவார்கள். சைவர்களும் இஸ்லாமியர்களும் ‘சென்சா ஸ்த்ருத்தோ’ என்று கேளுங்கள். கொழுப்பில்லாமல் என்று பொருள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் பல கடைகளில் உண்டு. வீட்டுக்கு வாங்கி வர ‘த்ரே மோந்தி’ கேக் நல்லது: வேஃபர் அடுக்குகளுக்கு நடுவே சாக்லேட்டும் ஹேசல் கொட்டையும் கலந்த க்ரீம். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்.

17. செலவுக்கு யூரோதான், ஆனால் சான் மரீனோவுக்குச் சொந்தமான நாணய வடிவங்கள் உண்டு. சில்லறையில் கிடைப்பது அபூர்வம், சேகரிப்பவர்கள் கடையில்தான் வாங்க வேண்டும். 1877 முதல் சொந்தத் தபால்தலை வெளியிடும் நாடு இது. ஊருக்குப் படஅட்டை அனுப்பினால் இத்தாலியத் தபால்தலை ஒட்டாதீர்கள், இங்கே செல்லாது. கடைத்தெருவில் வாள், வில், பொம்மைத் துப்பாக்கி என்று வரிசையாகத் தொங்கும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டியில் வைப்பதானாலும் விமான நிறுவனத்திடமும் நம் ஊர் சுங்க விதியிலும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

18. அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 118. நாட்டின் தொலைபேசிக் குறியீடு 378, இத்தாலியின் 39 இல்லை. பாஸ்போர்ட் தொலைந்தால் இங்கே இந்தியத் தூதரகம் கிடையாது, ரோமிலுள்ள தூதரகம்தான் சான் மரீனோவையும் கவனிக்கிறது. பாஸ்போர்ட், விசா, காப்பீடு மூன்றின் நகலையும் தனிப் பையில் வையுங்கள். முக்கியமாக, பேருந்தை விட்டு இறங்கியதும் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்திலேயே பார்த்துவிடுங்கள். பருவத்துக்குப் பருவம் அட்டவணை மாறும். அதைத் தவறவிட்டால் ரிமினி வரை டாக்ஸிக்குத்தான் கொடுக்க வேண்டிவரும்.