நிலை வட்டிக் கடனை இடையில் மாற்றலாமா?

நம் சங்கத்து நண்பர்கள் பலர் படிப்பு முடிந்ததும் புனேயிலேயே வேலை தேடிக்கொண்டு, ஹடப்சர்ப் பக்கம் கடனுக்கு வீடு வாங்கிவிடுகின்றனர். என் அண்ணனும் அவ்வாறு வாங்கியவரே. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரியில் 6.50-லிருந்து இறங்கத் தொடங்கி ஜூனில் 5.50 ஆயிற்று. அண்டை வீட்டாரின் வட்டி குறைந்தது, அண்ணனுடையது அசையவில்லை. அது நிலை வட்டிக் கடன். வேறு வங்கிக்கு மாற்றலாமா என்று என்னைக் கேட்டார். பௌதிகம் படிப்பவனுக்குக் கணக்காவது வரும் என்ற நம்பிக்கை போலும்!

மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் 5 அன்று ஆணையிட்டது. நிலை வட்டிக்கு அச்சலுகை இல்லை. இத்தனை ஆண்டு இத்தனை வட்டி வரும் என்று கருதி, அதற்கேற்பத் தானும் பணம் திரட்டியிருக்கிறேன் என்பது வங்கியின் வாதம். ஜெர்மனியிலும் இடையில் விலகினால் நஷ்டஈடு உண்டு. ஆனால் பத்தாண்டு கழிந்தபின் ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்து நஷ்டஈடின்றி விலகலாம். நல்ல ஏற்பாடு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பாக்கி 30 லட்சம், மீதம் 180 மாதம், வட்டி 9.5 விழுக்காடு என்க. மாதத் தவணை 31,327 ரூபாய். புது வங்கி 8.5-க்குத் தருமானால் 29,542. விலகும் கட்டணம் 2 விழுக்காடு. முத்திரைத் தீர்வை முதலியன சேர்த்து மொத்தச் செலவு 80,000 என்று கொள்வோம். தவணையில் மிச்சம் 1,785. செலவை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 45 மாதம். பலர் இதோடு நிறுத்தி, "நாலு வருஷமா? வேண்டாம்" என்று எழுந்துவிடுகின்றனர்.

இது அரைக் கணக்கு. முதல் மாத வட்டி 23,750-லிருந்து 21,250 ஆகிறது. உண்மை மிச்சம் 2,500. தவணையில் தென்படாத 715 ரூபாய் அசலைக் கரைக்கிறது. பழைய தவணையையே கட்டிவந்தால், அந்த 80,000-ஐயும் புதுக்கடனில் சேர்த்தபோதிலும், 169 மாதத்தில் கடன் தீரும். பதினொரு தவணை, அதாவது சுமார் மூன்றரை லட்சம், கையில் நிற்கும். தவணை குறைந்தால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகுமே என்றார் அண்ணி. அதுவும் நியாயந்தான், அப்போது இந்த ஆதாயத்தில் ஒரு பகுதி போய்விடும்.

இன்னும் மூன்றாண்டே பாக்கி என்பவர் மாற்றுவது வீண். வட்டியில் பெரும்பகுதியை அவர் முன்பே கட்டிவிட்டார். புதுக்கடன் மாறும் வட்டியாயின் அது ஏறவும் கூடும்: 2022 மே மாதத்துக்குமுன் 4.00 ஆக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.50-ஐ எட்டியது.

முதற் சில ஆண்டு நிலை வட்டி, பின்னர் மாறும் வட்டி என்ற கலப்புக் கடனும் உண்டு. 2026 ஜனவரி 1 முதல் தனியாள் பெறும் அத்தகைய வீட்டுக் கடனில், அடைக்கும் நாளில் மாறும் வட்டி நடப்பில் இருந்தால் கட்டணம் இல்லை என்பது 2025 ஜூலையில் வந்த விதி. ஆகவே அக்கடன் வாங்கியவர், நிலை வட்டி முடியும் தேதியைப் பத்திரத்தில் பார்த்துவிட்டு வங்கிக்குப் போகலாம். சில மாதமே எஞ்சியிருப்பின் காத்திருப்பது மேல்.